ஆட்டம் காத்த அண்ணலுக்கு ஆறு பொன்னாடை

என் மைத்துனன் சிவகுமார் டெக்சாஸில் ஃபிரிஸ்கோ என்ற ஊரில் இருக்கிறான். கணினி வேலை. வேலை நேரம் போக மீதி நேரத்தில் விழா நடத்துகிறேன் என்று அவன் சொல்லுவான். விழா நேரம் போக மீதி நேரத்தில்தான் வேலை பார்க்கிறான் என்று அவன் மனைவி சொல்லுவாள். ஒரு நாள் போன் செய்தான்.

"மாமா, நீங்க இத்தன வருஷம் ஸ்போர்ட்ஸ் பேஜ் பாத்தவரு. இங்க ஒரு லெஜண்டுக்கு ஃபங்ஷன் பண்றோங்க. நீங்கதான் சீஃப் ஸ்பீக்கர். கிளம்பி வாங்க."

"எந்த ஆட்டம்டா?"

"பேஸ்பால்ங்க மாமா."

நான் கோயம்புத்தூரில் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பேஸ்பால் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தால் அந்தச் செய்தியைப் போட்டு நிரப்பலாம்; எவ்வளவு தப்பாகப் போட்டாலும் வாசகர் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இதை அவனிடம் சொன்னேன். "அது போதுங்க மாமா, இங்க இருக்கறவங்களுக்கு அதுவும் தெரியாது" என்றான்.

லெஜண்ட் என்று அவன் சொன்னது பக்கத்து வீட்டு வால்டரை. தொண்ணூறு தாண்டியவர். ஐம்பதுகளில் டெக்சாஸ் பக்கம் ஒரு சின்ன லீக்கில் ரிலீஃப் பிட்சராக இருந்தவர். பந்து எறிபவர் பிட்சர். அவர் சொதப்பும்போது மாற்றாக வருபவர் ரிலீஃப் பிட்சர். தன் அணி கொஞ்சமே முன்னால் இருக்கும் நேரத்தில், கடைசிக் கட்டத்தில் வந்து, அந்த முன்னிலை கைநழுவாமல் முடித்துக் கொடுத்தால் அவர் கணக்கில் ஒரு 'சேவ்' எழுதுவார்கள். ஒரு வருடம் முழு லீக்கிலும் அதிக சேவ் வால்டருக்குத்தான் என்று சிவகுமார் இணையத்தில் எங்கோ படித்துவிட்டான். படித்த அன்றே மண்டபத்துக்குச் சொல்லிவிட்டான்.

வழியில் நியூஜெர்சி. என் மகன் மதன் அங்கே இருக்கிறான். முதல் நாள் தூங்கினேன். இரண்டாம் நாள் எடிசன் என்ற ஊரில் இரண்டு மூன்று தெரு நடந்து பார்த்தேன். நகைக்கடை, இட்லிக் கடை, புடவைக் கடை, பிளவுஸ் தைக்கும் கடை. சாம்பார் காந்திபுரத்து சாம்பாரைவிட நன்றாக இருந்தது. அமெரிக்கா எங்கேடா இருக்கிறது என்று மதனைக் கேட்டேன். "வீக்கெண்ட் காட்டறேன்பா" என்றான்.

சனிக்கிழமை ஒரு சின்ன பேஸ்பால் மைதானத்துக்குக் கூட்டிப்போனான். ஹைவேயில் ஒரு எக்ஸிட்டைத் தவறவிட்டான். அங்கே ஒரு எக்ஸிட்டை விட்டால் அடுத்த ஜில்லாவில்தான் திரும்ப முடியும் போலிருக்கிறது. நாங்கள் போய்ச் சேரும்போது ஆட்டம் பாதி முடிந்திருந்தது. நான் சைவம் என்பதால் உப்பு தூவிய முறுக்கிய ரொட்டி ஒன்றைக் கையில் கொடுத்தான். அதை மெல்லும் வேலையிலேயே மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் இரண்டு போயிற்று.

கிரிக்கெட்காரனுக்கு இந்த ஆட்டத்தில் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. நம் ஆட்டத்தில் பந்து வீசுபவர் அடி வாங்கினால் காப்டன் அவரை எல்லைக்கோட்டுப் பக்கம் அனுப்பி, ஆறவைத்து, மறுபடி கூப்பிடலாம். இங்கே அந்தக் கருணையெல்லாம் கிடையாது. வெளியே அனுப்பிவிட்டால் அனுப்பியதுதான், அன்றைக்குத் திரும்ப வர முடியாது. ஆகவே மாற்றாக யார் வருகிறார் என்பது பெரிய விஷயம்.

கடைசி இன்னிங்ஸுக்கு அப்படி ஒருவர் வந்தார். வந்தார் என்று சொல்லக் கூடாது, எழுந்தருளினார். விளக்குகள் மின்னின, பாட்டு அலறியது, கூட்டம் எழுந்து நின்றது. எங்கள் ஊரில் தேர்தல் நேரத்தில்தான் இத்தனை ஆர்ப்பாட்டத்தோடு ஆட்கள் வருவார்கள். அவர்களும் அதிகம் வேலை செய்யமாட்டார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் தன் மனைவியிடம், "பையை எடு. இவன் வந்துவிட்டால் ஆட்டம் முடிந்த மாதிரிதான். பார்க்கிங்கில் இருந்து முதல் ஆளாக வெளியேறிவிடலாம்" என்றார். இதைவிட நல்ல பாராட்டு எந்த விழாவிலும் கிடைக்காது.

டெக்சாஸில் இறங்கியபோது அனல் முகத்தில் அடித்தது. சிவகுமாரின் பேட்டையில் எல்லா வீடும் ஒரே அச்சு. மறுநாள் காலையில் நடக்கப் போய்விட்டு வேறு ஒருவர் வீட்டு மணியை அடித்தேன். நல்லவேளை, அவரும் தமிழர். காபி கொடுத்து, எந்த ஊர், எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார். தெருவில் நடந்து போகிற ஒரே ஆள் நான் என்பதால் இரண்டு கார்கள் நின்று, கார் ரிப்பேரா என்று விசாரித்தன.

வால்டரைச் சாயங்காலம் வேலியோரம் பார்த்தேன். உயரமானவர். வலது கை முழங்கைக்குக் கீழே கொஞ்சம் கோணல். சிவகுமார், "வால்டர் அங்கிள், இவர்தான் இந்தியாவின் பெரிய ஸ்போர்ட்ஸ் ஜர்னலிஸ்ட்" என்று அவிழ்த்துவிட்டு, மண்டபத்துக்கு யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஓடிவிட்டான்.

"நீங்கள் லீக்கிலேயே முதலாமவராமே" என்றேன்.

"அப்படித்தான் உங்கள் மைத்துனர் சொன்னார். இலை ஊதும் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். அதுவரைக்கும் எனக்கே தெரியாது" என்றார்.

அவர் சொன்னதில் தன்னடக்கம் ஒன்றும் இல்லை, வெறும் உண்மை. அவர் ஆடிய காலத்தில் சேவ் என்கிற கணக்கே அதிகாரபூர்வமாகக் கிடையாது. அறுபதுகளின் கடைசியில்தான் வந்தது. பிறகு பொழுதுபோகாத நல்லவர்கள் சிலர் பழைய செய்தித்தாள்களைத் தோண்டி, முடிந்துபோன ஆட்டங்களுக்கெல்லாம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். அப்படியாக, இல்லாத பட்டத்துக்குப் போட்டியிடாமலே ஜெயித்து, ஜெயித்தது தெரியாமலே கிழவராகிவிட்டவர்கள் அமெரிக்காவில் பலர் இருந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"அப்போதெல்லாம் எறியத் தொடங்கியவன்தான் முடிக்க வேண்டும். முடிக்காதவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவனுக்கு மாற்றாக வருபவனைப் பார்த்து இன்னும் சிரிப்பார்கள்" என்றார் வால்டர். தொடங்க லாயக்கில்லாதவன், வயதானவன், முழங்கை போனவன் என்று கழித்துக் கட்டியவர்களை மைதானத்து ஓரத்தில் ஒரு கம்பி வேலிக்குப் பின்னால் உட்காரவைப்பார்களாம். அந்த இடத்துக்குப் பெயரே புல்பென், அதாவது காளைகளை அடைக்கிற பட்டி.

"மூன்று பேஸிலும் எதிரணி ஆட்கள் ஓட்டம் எடுக்கக் காத்து நிற்கும்போது கூப்பிடுவார்கள். ஜெயித்தால் வெற்றி தொடங்கியவன் பேரில். தோற்றால் மறுநாள் பத்திரிகையில் என் பேர் கொட்டை எழுத்தில் வரும்."

பத்திரிகைக்காரன் என்ற முறையில் நான் தரையைப் பார்த்தேன்.

நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டை விற்றாயிற்று, விழாவுக்கு மறுநாள் கலிஃபோர்னியாவுக்குப் போகிறார், கூட்டிப்போக மகள் கேரன் வருகிறாள். இனி அவள் வீட்டில்தான் வாசம். "அவளுக்கு என்னைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான். கோடை முழுக்க அப்பா ஊரில் இல்லை. ஊர் ஊராகப் போய் என்ன செய்தார் என்றால், பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நானே எடுத்துச் சொன்னால் பீற்றல். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் உபசாரம். வெளியூர்ப் பத்திரிகைக்காரர் சொன்னால் செய்தி. அவள் காதில் விழும்படி சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும்."

நான் ஜம்பமாக வாக்குக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சிவகுமாரிடம், என்னை முதலில் பேசவிடு என்றேன். அவன் ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டவன் மாதிரி ஆகிவிட்டான்.

"சீஃப் ஸ்பீக்கர் எப்படிங்க மாமா ஃபர்ஸ்ட் பேச முடியும்? அப்பறம் ஸ்பான்சர்ஸ் பேசறப்ப ஹால்ல யாரு இருப்பா? உங்களக் கடைசியா வெச்சாத்தான் உங்களுக்கு மரியாத."

மரியாதை என்று சொல்லிவிட்டால் நம் ஆட்களிடம் மேல்முறையீடு கிடையாது.

விழா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மண்டபம் ஐந்து மணி வரைக்கும் நமக்கு. அதற்குப் பிறகு ஒரு மெக்சிகோக் குடும்பம், பதினைந்து வயதான பெண்ணுக்கு அவர்கள் செய்யும் விழாவை நடத்த எடுத்திருந்தது. நம் ஊர் மஞ்சள் நீராட்டுச் சீரைப் போலத்தான், மேளத்துக்குப் பதில் டிரம்பெட். மேடையின் பின்னால் பெரிய ஃப்ளெக்ஸ். அதில் வால்டரின் முகம், பக்கத்தில் ஒரு சிவப்புக் கிரிக்கெட் பந்து, கையில் மட்டை. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் மட்டையை ஏமாற்றியே பிழைத்த மனிதர் கையில் மட்டையைக் கொடுத்துவிட்டார்கள். மேலே பட்டம்: 'ஆட்டம் காத்த அண்ணல்'.

மகள் கேரன் என்றதும் இளவயதுப் பெண்ணைத் தேடினேன். வந்தவருக்கு என் வயது இருக்கும். நரைத்த குட்டை முடி, கையில் வீடு காலி செய்கிற கம்பெனியின் அழைப்புக்காகக் காத்திருக்கும் போன். முதல் வரிசையில் உட்காரவைத்து நெற்றியில் பொட்டு வைத்தார்கள்.

நெருப்புக்குத் தடை என்பதால் பேட்டரியில் எரியும் குத்துவிளக்கை சுவிட்சைத் தட்டி ஏற்றினார்கள். பிள்ளைகள் ஆடினார்கள். வீடு வாங்கித் தரும் ஏஜென்ட் பேசினார். வால்டர் ஆட்டத்தைக் காத்தார், நான் உங்கள் டவுன் பேமென்ட்டைக் காக்கிறேன் என்றார். வரி கணக்கு எழுதுபவர் பேசினார். தோசை கேட்டரிங்காரர் பேசினார். வரலாற்று ஆர்வலர் ஒருவர், பேஸ்பால் நம்முடைய கிட்டிப்புள்தான், கப்பலேறிப் போன இடத்தில் வெள்ளைக்காரன் புள்ளை உருட்டிப் பந்தாக்கிவிட்டான் என்று ஆதாரங்களோடு நிறுவினார். ஆதாரங்கள் முடிய வெகுநேரமாயிற்று. எல்லாம் தமிழில். கேரனுக்குப் புரிந்தது 'வால்டர்' என்கிற ஒரே சொல்தான். அது வரும்போதெல்லாம் பாவம் புன்னகைத்தார்.

பிறகு பொன்னாடை. விழாக் குழுவின் சார்பில் ஒன்று போர்த்தினால் போதும் என்றுதான் ஏற்பாடு. ஆனால் மேடையில் போட்டோகிராபர் நிற்கிறாரே. ஏஜென்ட் ஒன்று கொண்டுவந்திருந்தார். வரிக்காரர் ஒன்று. தோசைக்காரர் ஒன்று. வரலாற்று ஆர்வலர் ஊரில் இருந்து கொண்டுவந்த பட்டு. கடைசியாகச் சிவகுமார் தன் தனிப்பட்ட அன்பின் அடையாளமாக ஒன்று. ஆறு பொன்னாடைக்கு உள்ளே வால்டர் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தார். சிவகுமாரின் மகள் நிலா மேடைக்கு ஓடிவந்து அவன் சட்டையை இழுத்து, "அப்பா, ஹி இஸ் மெல்ட்டிங்!" என்றாள். அந்த விழாவில் பேசப்பட்டதிலேயே உபயோகமான வாக்கியம் அதுதான். "ஒன் மினிட்டுடா செல்லம், ஒரே ஒரு குரூப் போட்டோ" என்றான் அவன்.

அந்த போட்டோவின்போது கேரனின் போன் அடித்தது. அவர் வெளியே போனார்.

"நேரத்தின் அருமை கருதி, சிறப்புப் பேச்சாளர் இரண்டே நிமிடத்தில்" என்று மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். வாசலில் பலூன்காரர்கள் வந்து நின்றுவிட்டார்கள். முதல் வரிசை நாற்காலி காலி. வால்டர் அந்த நாற்காலியைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். நான் நிதானமாகத் தொடங்கினேன், வழியில் இருமினேன், தண்ணீர் கேட்டேன். கேரன் வரவில்லை. இரண்டு நிமிடம் முடிந்தது. சாப்பாட்டு டப்பா வாங்க ஜனம் எழுந்துவிட்டது. என் ஆங்கிலத்தைக் கடைசிவரை கேட்டவர்கள் பலூன்காரர்கள் மட்டும்தான். அவர்கள் கைதட்டவும் செய்தார்கள்.

கீழே இறங்கியதும் வால்டர் என் முதுகில் தட்டினார். "பரவாயில்லை. எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. பட்டியில் இருந்து ஓடி வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகையைக் கோபமாக்கிச் சிவகுமாரிடம் கொண்டுபோனேன்.

"அவருக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுடா. அதச் செய்ய முடிஞ்சுதா உங்களால?"

"சூப்பராப் போச்சுங்களே மாமா! போட்டோஸ் பாத்தீங்களா?"

மறுநாள் காலையில் தகப்பனும் மகளும் விமானம் ஏறினார்கள். சிவகுமார் எனக்கு ஹூஸ்டனில் ராக்கெட் காட்டுவதாக இருந்தான். ராக்கெட்டை நீயே பார், எனக்கு ஒரு வாக்கு பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் கலிஃபோர்னியாவின் பே ஏரியாவுக்குக் கிளம்பினேன். குபெர்டினோவில் என் கல்லூரித் தோழன் ராமநாதன் இருக்கிறான். அவன் ஊரில் மக்கள் நலம் விசாரிப்பதற்குப் பதில் வீட்டு விலை விசாரிக்கிறார்கள். காற்று ஜிலுஜிலுவென்று ஊட்டி மாதிரி இருந்தது. காற்று நல்லா இருக்குடா என்றேன். அதுவும் விலையில் சேர்த்திதான் என்றான்.

கேரன் வீடு அரைமணி நேரத் தொலைவு. ராமநாதனுக்கு மீட்டிங். அதனால் டிரைவர் இல்லாத டாக்சி ஒன்றை எனக்குப் போனில் வரவழைத்துக் கொடுத்தான். ஸ்டீயரிங் தானாகத் திரும்பியது. வழி முழுக்கக் கார் மரியாதையாகப் பேசியது, சிக்னலில் நின்றது, யாருக்கும் ஹாரன் அடிக்கவில்லை. கடைசியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் நின்று, "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது. இது அந்த வீடு இல்லை என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டது. கோயம்புத்தூர் ஆட்டோவாக இருந்தால் சண்டை போட ஓர் ஆளாவது இருந்திருப்பார். வெயிலில் விசாரித்து விசாரித்து நடந்து போனேன்.

எலுமிச்சை மரம் வைத்த பழைய சின்ன வீடு. வால்டர் ஜன்னலோரம் நாற்காலியில் கண்மூடிக் கிடந்தார். எதிரே டி.வி.யில் சத்தமில்லாமல் ஒரு பேஸ்பால் ஆட்டம். கேரன் காபி என்ற பேரில் பழுப்பு வெந்நீர் கொடுத்தார். நான் அதைக் கீழே வைத்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லி, அப்போதே தொடங்கிவிட்டேன்.

நன்றாகத்தான் பேசினேன். காளைப்பட்டியைச் சொன்னேன். மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது கூப்பிடுவதைச் சொன்னேன். ஜெயித்தால் ஒருவன் பேர், தோற்றால் இவர் பேர் என்பதைச் சொன்னேன். அந்தக் காலத்தில் இப்போதுள்ள கணக்கு இருந்திருந்தால் உங்கள் அப்பாவுக்காக விளக்கெல்லாம் மின்னியிருக்கும், கூட்டம் எழுந்து நின்றிருக்கும் என்று முடித்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். கேரன் ஒரு தடவைகூட போனைப் பார்க்கவில்லை.

"அப்பா நன்றாக ஆடினார் என்பது எனக்குத் தெரியும்" என்றார். "அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஊரில் இல்லை என்பதுதான் என் பிரச்சினை."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்கு ஏழு வயதிருக்கும். ஒரு சாயங்காலம் சூறாவளிச் சைரன் அடித்தது. அம்மா எங்கள் மூன்று பேரையும் குளியல் தொட்டிக்குள் தள்ளி, மேலே மெத்தையைப் போட்டாள். மெத்தை பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் அவளே படுத்துக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடியெல்லாம் அவள் முதுகில்தான் விழுந்தது. நாலு ஊர் தள்ளி அப்பா ஒரு ஆட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். உங்கள் கணக்கில் அதுவும் இருக்கும்."

கேரன் தொடர்ந்தார்.

"மறுநாள் காலையில் அப்பா போன் செய்தார். முதல் கேள்வியே, நேற்று ரேடியோவில் கேட்டாயா என்பதுதான். அம்மா முதுகில் கட்டோடு நின்றுகொண்டு, கேட்டேன் வால்ட், அற்புதமாக எறிந்தாய் என்றாள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஊர் முழுக்கக் கரெண்ட் இல்லை. எங்கள் ரேடியோ சுவரில் செருகினால்தான் பாடும்."

ஜன்னல் பக்கத்தில் இருந்து குரல் வந்தது. "கரெண்ட் இல்லையா?"

நாங்கள் இருவரும் திரும்பினோம். வால்டர் கண்ணைத் திறந்திருந்தார்.

"இல்லை அப்பா. முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டது."

"அவள் கேட்டதாகச் சொன்னாளே."

"சொன்னாள்."

கிழவர் தன் கோணல் கையைப் பார்த்தார். டி.வி.யில் ஒருவர் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலியோரம் பார்த்த அன்றில் இருந்து அந்த முகத்தில் இருந்த கிண்டல் ஒட்டுமொத்தமாகப் போய்விட்டது.

"புயலைப் பற்றி நான் என்ன கேட்டேன்?" என்றார்.

"புயல் என்று ஒன்று வந்ததே உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அந்த ஆட்டத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்" என்றார் கேரன். "அம்மா நின்றபடியே கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்."